தம்பி வந்ததும் மூத்தவள் ஏன் மாறிவிட்டாள்?

கேள்வி: எனக்கு 27 வயது. ஓசூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மூத்தவள் பெண், 3 வயது 8 மாதம். 5 வாரத்துக்கு முன் ஆபரேஷனில் பையன் பிறந்தான். இப்போது பாலக்கோடு பக்கத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மூன்றாம் மாதம் ஓசூருக்குத் திரும்ப வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மகள் மாமியாரிடம் இருந்தாள். வந்த முதல் இரண்டு நாள் தம்பிக்கு முத்தம் கொடுத்தாள். பிறகு எல்லாம் தலைகீழ். ஒரு வருஷமாகப் படுக்கையை நனைக்காதவள் இப்போது தினமும் நனைக்கிறாள். நான் பால் கொடுக்க உட்கார்ந்தால் தனக்கும் வேண்டும் என்கிறாள். யாரும் பார்க்காதபோது குழந்தையின் காலைக் கிள்ளுகிறாள். "தம்பிய ஆஸ்பத்திரியிலயே குடுத்துட்டு வந்துடும்மா" என்கிறாள். "செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட, ரெண்டு போடு" என்கிறார் என் அம்மா. போன வாரம் கை நீட்டிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்துவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?
ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்:

உங்கள் மகள் கெட்டுப்போகவில்லை. படுக்கையை நனைப்பது, பால் கேட்பது, கிள்ளுவது, தம்பியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது எல்லாமே இரண்டாவது குழந்தை பிறந்த வீடுகளில் இந்த வயதுப் பிள்ளைகள் செய்கிறவைதான். அதிலும் 2 முதல் 4 வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் சிரமம் அதிகம். அம்மா இல்லாமல் சமாளிக்கிற வயது அவர்களுக்கு இன்னும் வரவில்லை. மனதில் இருப்பதைச் சொல்லப் போதுமான பேச்சும் வரவில்லை.

கடந்த 5 வாரத்தை அவள் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரு நாள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள், பல நாள் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு குழந்தை. தூக்கச் சொன்னால் "தையல் இருக்கு, கிட்ட வராதே" என்கிறார்கள். ஓசூர் வீடு இல்லை, அப்பா வாரத்துக்கு ஒரு முறைதான் வருகிறார், அம்மா பக்கத்தில் படுத்த இடமும் போய்விட்டது. இத்தனையும் ஒரே நேரத்தில் நடந்ததால், எல்லாவற்றுக்கும் தம்பிதான் காரணம் என்று அவள் முடிவு கட்டியிருக்கிறாள். அம்மா தனக்கு எப்போது கிடைப்பாள் என்பது அவளுக்கு இப்போது தெரியவில்லை. அதைத் தெரியும்படி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, வீட்டுப் பெரியவர்கள் பேசும் பேச்சைத் திருத்துவது.

அதற்கெல்லாம் முன்னால் குழந்தையின் பாதுகாப்பு. இதில் சமரசமே கூடாது. அவள் நல்ல பிள்ளையாக இருக்கும் நாளிலும் குழந்தையுடன் அவளைத் தனியாக விடாதீர்கள், ஒரு நிமிஷம்கூட வேண்டாம். நீங்கள் பாத்ரூம் போனால் ஒன்று குழந்தை பாட்டியிடம் இருக்க வேண்டும், அல்லது மகள் உங்களோடு வர வேண்டும். கிள்ளுவதைவிடப் பெரிய ஆபத்துகள் பாசத்தில் வருபவை. தம்பிக்குக் குளிருது என்று முகம் வரை துணியைப் போர்த்துவாள். அழுகிறானே என்று நிலக்கடலையையோ பிஸ்கட்டையோ வாயில் வைப்பாள். பாட்டி செய்வதைப் பார்த்து முகத்தில் பவுடர் கொட்டுவாள். சேலைத் தூளியை வேகமாக ஆட்டினால் அது சுவரிலோ கட்டில் சட்டத்திலோ போய் மோதும். தொங்கி ஏறப் பார்த்தால் முடிச்சே அவிழும். அதனால் தூளி ஆட்டும் வேலையை அவளுக்குக் கொடுக்கவே வேண்டாம். தூக்கி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் தரையில் பாயில் உட்காரவைத்து, மடியில் தலையணை போட்டு, குழந்தையின் தலையும் கழுத்தும் உங்கள் கையிலேயே இருக்கும்படி வையுங்கள். ஒரு நிமிஷம் போதும். தொடுவதற்குப் பாதம்தான் நல்ல இடம். கை கழுவிவிட்டுப் பாதத்தைத் தொடலாம், முகத்தையும் உச்சிக்குழியையும் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். "தொடாதே" என்பதைவிட "கால்ல தொடு" என்பது அவளுக்கு எளிது, செய்யத்தக்க ஒன்று கையில் கிடைக்கிறது.

கிள்ளும்போது என்ன செய்வது? சத்தம் போடாமல் போய் அவள் கையைப் பிடியுங்கள். "கிள்ள விடமாட்டேன், தம்பிக்கு வலிக்கும்" என்று ஒரே வரி. குழந்தையை நகர்த்துங்கள், அழுதால் சமாதானப்படுத்துங்கள். பிறகு அவளிடம் திரும்பி, "கோபம் வந்துச்சா? கோபம் வந்தா 'அம்மா வா'ன்னு கூப்பிடு, நான் வர்றேன்" என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். அக்கா இப்படிச் செய்யலாமா, தம்பி பாவம் இல்லையா என்ற நீண்ட பேச்சு இந்த வயதில் மூன்றாவது வாக்கியத்துக்கு மேல் காதில் ஏறாது. "சாரி சொல்லு, முத்தம் குடு" என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம். கடுப்போடு கொடுக்கும் முத்தம் பல சமயம் கடியில் முடியும். அவள் கூப்பிடும்போது மட்டும் கட்டாயம் போங்கள், போக முடியாவிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்லுங்கள். நான்கைந்து முறை கூப்பிட்டும் யாரும் வரவில்லை என்றால், கிள்ளினால்தான் எல்லோரும் ஓடி வருகிறார்கள் என்று அவள் கற்றுக்கொள்வாள். இப்போது அவளுக்குத் தெரிந்திருப்பது அதுதான்.

எந்த நேரத்தில் கிள்ளுகிறாள் என்று மூன்று நாள் கவனியுங்கள். பெரும்பாலும் அது மூன்று நேரங்களில் வரும்: பசி நேரம், தூக்கம் வரும் நேரம், விருந்தாள் வந்து குழந்தையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நேரம். பகல் சாப்பாடு ஒன்றரை மணிக்கு என்றால் பன்னிரண்டரைக்கே கொடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் பாதி கிள்ளல் அதிலேயே குறையும்.

அடுத்தது பால் கொடுக்கும் நேரம். இந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு இருபது நிமிஷம் என்று வைத்தாலும் மூன்று நான்கு மணி நேரம் அவள் கண்ணெதிரே உங்கள் மடி தம்பிக்குப் போகிறது. அதனால் அந்த நேரத்துக்கென்று ஒரு துணிப்பை தயார் செய்யுங்கள். நீங்கள் பால் கொடுக்க உட்காரும்போது மட்டும் அது வெளியே வரும், முடிந்ததும் ஆணியில் ஏறிவிடும். நாள் முழுக்கக் கிடைத்தால் இரண்டாம் நாளே சலித்துவிடும். உள்ளே பெரிய கிரையான் நாலு, பழைய நோட்டு, படப் புத்தகம் ஒன்று, அவள் விரும்பும் பொம்மை ஒன்று, சின்ன டப்பாவில் பொரி அல்லது ஒரு வாழைப்பழம், மூடி போட்ட தண்ணீர் பாட்டில். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பொருளை மாற்றுங்கள். புளியங்கொட்டை, மணி, நாணயம் வேண்டாம், தம்பியின் வாய்க்குப் போகும். போனும் வேண்டாம். போன் அவளை அமைதியாக்கும், ஆனால் அதைப் பிடுங்கும்போது வரும் அழுகை பால் குடித்துத் தூங்கிய குழந்தையை எழுப்பும். அந்தக் கோபமும் தம்பி கணக்கில்தான் எழுதப்படும்.

உட்காருமுன் ஒரு நிமிஷம் அவளுக்குச் செலவிடுங்கள்: மூத்திரம் போய்விட்டு வரச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கவையுங்கள், பையை அவளையே எடுத்து வரச் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்தவர்கள் முதல் 6 வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பார்கள். உங்கள் மகள் 13, 14 கிலோ இருப்பாள். தூக்க முடியாது, ஆனால் ஒட்டி உட்காரலாம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தையலுக்கு மேல் ஒரு தலையணை வைத்து, குழந்தை ஒரு பக்கம், அவள் மறுபக்கம் தோளில் சாய்ந்துகொள்ளட்டும். குழந்தை வாய் வைத்துக் குடிக்க ஆரம்பித்ததும் உங்கள் ஒரு கையும் வாயும் சும்மாத்தான் இருக்கின்றன. அந்தக் கை அவள் முதுகில் இருக்கட்டும். அவள் குழந்தையாக இருந்தபோது என்னவெல்லாம் செய்தாள் என்று சொல்லுங்கள்: "நீயும் இப்படித்தான் கண்ண மூடிக்கிட்டே குடிப்ப, உன் முஷ்டிய யாராலயும் பிரிக்க முடியாது." இந்த வயதில் பிள்ளைகள் தங்களைப் பற்றிய கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். தனக்கும் ஒரு காலம் இருந்தது, தன்னையும் இப்படித்தான் வைத்திருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

அவள் பால் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பால்குடி மறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிள்ளைக்கு உறிஞ்சும் விதமே பெரும்பாலும் மறந்துபோயிருக்கும். ஒரு முறை வாய் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடிவிடுவாள். உங்களுக்குச் சம்மதம் என்றால் விடலாம், கெடுதல் இல்லை, குழந்தை குடித்த பிறகு என்றால் போதும். சம்மதம் இல்லை என்றால் "இது இப்ப தம்பிக்கு மட்டும், உனக்கு மடி இருக்கு, வா" என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள். வேப்பெண்ணெய் தடவுவது, "ச்சீ, இவ்ளோ பெரிய பொண்ணு" என்று நாலு பேர் முன் சிரிப்பது இரண்டும் வேண்டாம். அவள் கேட்பது பாலை விட, அந்த இடத்தை.

இனி அவளுக்கென்று ஒரு நேரம். தினமும் 15 நிமிஷம், குழந்தை இல்லாமல், நீங்களும் அவளும் மட்டும். என்ன விளையாடுவது என்பதை அவள் தீர்மானிப்பாள். நீங்கள் பாடம் சொல்லித்தர வேண்டாம், திருத்த வேண்டாம், போனைத் தொட வேண்டாம். அந்த நேரத்துக்கு அவள் பெயரையே வையுங்கள். கடிகாரத்தைவிட ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டுவது நல்லது: குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்கவைத்ததும் அவள் நேரம். அந்த நேரத்தில் குழந்தை அழுதால் பாட்டி தூக்குவார்கள், பசிக்குத்தான் அழுகிறான் என்றால் பையோடு வந்து பக்கத்தில் உட்காரச் சொல்லி, பிறகு மீதி நிமிஷத்தைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். முடியும்போது "பெரிய முள் மூணுக்கு வந்துடுச்சு, நாளைக்குத் தம்பி குளிச்சதும் மறுபடி" என்று சொல்லி முடியுங்கள். அழுவாள். நாளைக்கும் அது நடக்கிறது, அதற்கு மறுநாளும் நடக்கிறது என்று கண்ட பிறகு அழுகை குறையும். வாரத்துக்கு ஒரு நாள் மூன்று மணி நேரம் என்பதைவிடத் தினமும் 15 நிமிஷம் பலமானது. ஒன்று மட்டும் தவறக் கூடாது: சேட்டை செய்தாள் என்பதற்காக அந்த நேரத்தை ரத்து செய்யாதீர்கள். சேட்டை செய்த நாளில்தான் அது அவளுக்கு அதிகம் தேவை.

தம்பியையும் அவ்வப்போது காத்திருக்க வையுங்கள், அவள் காதில் விழும்படி. "தம்பி, ஒரு நிமிஷம் பொறு, அக்காவுக்கு ஜடை பின்னிட்டு வர்றேன்." குழந்தைக்கு ஒரு நிமிஷத்தில் ஒன்றும் ஆகாது. இதுவரை "இரு, தம்பி தூங்கட்டும்", "இரு, தம்பி குடிக்கட்டும்" என்று நாள் முழுக்கக் காத்திருந்தவள், தனக்காகவும் ஒருவர் காத்திருப்பதைப் பார்க்கிறாள். அவளிடம் காத்திருக்கச் சொல்லும்போது தம்பியைக் காரணம் காட்டாதீர்கள். "தம்பி தூங்குறான், கத்தாதே" என்பதற்குப் பதில் "மெதுவாப் பேசு, அம்மாவுக்குத் தலை வலிக்குது" அல்லது "என் கை வேலையா இருக்கு, இதை முடிச்சிட்டு வர்றேன்". அவளைக் கூப்பிட்டுவந்த செல்லப் பெயரைத் தம்பிக்கு மாற்றிவிடாதீர்கள். அவள் பழைய சட்டை, போர்வை, கிலுகிலுப்பை எதையும் கேட்காமல் எடுத்து அவனுக்குப் போடாதீர்கள். முன்னால் பரப்பி வைத்து, எதைக் கொடுக்கலாம், எது தன்னிடமே இருக்கட்டும் என்று அவளே பிரிக்கட்டும்.

அடுத்ததை உங்கள் அம்மாவுக்கும் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் முதலில் பெண், இரண்டாவது பையன் என்றால் நம் பக்கத்து வீடுகளில் என்ன பேச்சு வரும் என்பது தெரிந்ததுதான்: "வாரிசு வந்துட்டான்." "இனி உன்னை யாரு கண்டுக்கப் போறா?" "சிங்கக்குட்டி மாதிரி தம்பி, நீ கறுவாச்சி." சொல்கிறவர்களுக்கு இது கொஞ்சல். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு இது செய்தி. அவள் அதை அப்படியே நம்புகிறாள், ஏனென்றால் அவள் கண்ணெதிரே நடப்பதும் அதைத்தான் காட்டுகிறது: தங்கக் காசும் வெள்ளிக் கொலுசும் தொட்டிலுக்குப் போகின்றன, அவளிடம் "தள்ளிப் போ" என்கிறார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தர்மபுரிக்கும் வர வேண்டியிருந்தது. பெண் பிள்ளையைக் குறைத்துப் பேசும் பேச்சு இந்த மண்ணில் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் பார்த்திருக்கிறோம். உங்கள் வீட்டில் அது விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

விருந்தாள் வருமுன் கணவரோ உங்கள் அப்பாவோ வாசலிலேயே சொல்லிவிடட்டும்: முதலில் மூத்தவளிடம் பேசுங்கள், அவளையே உள்ளே கூட்டிப்போகச் சொல்லுங்கள். தம்பியைக் காட்டுவது அவள் வேலை. பழம் வாங்கி வருகிறவர்கள் பையை அவள் கையில் கொடுக்கட்டும். "தம்பியப் பிடிச்சிருக்கா?" என்று யாரும் கேட்க வேண்டாம், பிடிக்கவில்லை என்று சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்தே அவள் பொய் சொல்லப் பழகுவாள். தொட்டில் போடும் நாளில், பெயர் வைக்கும் நாளில், குலதெய்வக் கோயிலில் முடி எடுக்கும் நாளில் அவளுக்கும் புதுத் துணி, அவளுக்கென்று ஒரு வேலை: சர்க்கரை கொடுப்பது, தட்டு பிடிப்பது. "தம்பிய ஆஸ்பத்திரியில குடுத்துடு" என்று அவள் சொல்லும்போது "அப்படிச் சொல்லக் கூடாது" என்று அடக்காதீர்கள். "முன்னாடி நீயும் நானும் மட்டும் இருந்தோம்ல, இப்ப கஷ்டமா இருக்கா?" என்று கேளுங்கள். தம்பி இங்கேதான் இருப்பான் என்பதையும் சொல்லுங்கள். சொல்லால் வெளியே வருகிற கோபம் கையால் வருவது குறையும். பூச்சாண்டி, போலீஸ், ஊசி என்று பயம் காட்டுவதையும் நிறுத்திவிடுங்கள்.

படுக்கை நனைவதற்கு வருவோம். 5 வயது வரை இரவில் நனைப்பதை நோயாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வருஷம் நின்றிருந்து மறுபடி வந்ததற்கு இந்த மாற்றமே போதுமான காரணம். ஆனாலும் இரண்டு விஷயங்களை விலக்கிவிட வேண்டும். மூத்திரம் போகும்போது எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி, பகலிலும் அடக்க முடியாமல் சொட்டுவது இருந்தால் மூத்திரப் பரிசோதனை செய்யுங்கள். ஓயாத தாகம், அடிக்கடி நிறைய மூத்திரம், உடம்பு இளைப்பது இருந்தால் அன்றே மருத்துவமனையில் சர்க்கரை பாருங்கள், இதைத் தள்ளிப் போடக் கூடாது. இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: மலச்சிக்கல். இடம் மாறிய பிள்ளைகள் மலத்தை அடக்குவார்கள். குடலில் கெட்டியாகத் தேங்கிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும், இரவில் நனையும். அவள் கடைசியாக எப்போது போனாள், எப்படிப் போனாள் என்று பாருங்கள். கொய்யா, பப்பாளி, கீரை, கேழ்வரகுக் கூழ் சேருங்கள், பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், தண்ணீரைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் நாலைந்து டம்ளராகப் பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் 5 நிமிஷம் கக்கூஸில் உட்காரவையுங்கள், வராவிட்டாலும் பரவாயில்லை.

இரவுக்குப் பாய் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் துணி, அதன் மேல் இன்னொரு ரப்பர் ஷீட், மறுபடி துணி என்று இரண்டடுக்கு போட்டுவிடுங்கள். நடு இரவில் நனைந்தால் மேலே உள்ள இரண்டையும் உருவினால் போதும், குழந்தையும் எழாது, உங்களுக்கும் கோபம் வராது. காலையில் துணியை எடுத்துப்போட அவளும் கை கொடுக்கட்டும், தண்டனையாக வேண்டாம். வாசலில் காயப்போட்டு "பாரு, உன் பொண்ணு செஞ்ச வேலைய" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்வதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. சூடு போடுவேன் என்று மிரட்டுவதும் கூடாது, பயம் நனைவதைக் கூட்டும். நனையாத காலையில் பெரிய பாராட்டும் தேவையில்லை, மறுநாள் நனைந்தால் அது தோல்வியாகிவிடும்.

படுக்கும் இடத்தை உடனே மாற்றலாம். பிள்ளை பெற்ற அறைக்குள் பெரிய பிள்ளை வரக் கூடாது என்று தீட்டுக் கணக்குப் பார்த்திருந்தால் இனி வேண்டாம். கையைச் சுத்தமாகக் கழுவினால் போதும், சளியோ காய்ச்சலோ இருக்கும்போது மட்டும் குழந்தையிடமிருந்து தள்ளி வையுங்கள். தரையில் வரிசையாகப் படுங்கள்: ஒரு ஓரம் குழந்தை, நடுவில் நீங்கள், மறு பக்கம் அவள், அவளுக்கு அடுத்து பாட்டி. அவள் குழந்தைக்குப் பக்கத்தில் படுக்கவே கூடாது, தூக்கத்தில் கை கால் விழும். குழந்தை மல்லாந்து, தனி விரிப்பில், முகத்தருகே தலையணை, போர்வை இல்லாமல் இருக்கட்டும். இரவில் குழந்தைக்குப் பால் கொடுக்கத் திரும்பும்போது உங்கள் முதுகு அவள் பக்கம் வரும். உங்கள் பழைய புடவை ஒன்றை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஓசூருக்குத் திரும்புவது அடுத்த பெரிய மாற்றம். இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லத் தொடங்குங்கள். கணவர் வாரம் ஒருமுறை வரும்போது அவளுக்கும் அவருக்குமான நேரம் இங்கேயே ஆரம்பிக்கட்டும். அப்பா மூத்தவளை மட்டும் வெளியே கூட்டிப்போவது, அம்மா குழந்தையோடே இருப்பது என்று பிரிக்காதீர்கள். அவளுக்குக் குறைவது அம்மா. அதனால் அப்பா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்தட்டும், நீங்கள் அவளோடு உட்காருங்கள். ராயக்கோட்டை வழியாகப் போகும்போது ஜன்னல் பக்கம் அவள், அடுத்து நீங்கள் உட்காருங்கள், குழந்தை அப்பா கையில் இருக்கட்டும், பாலுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்குள் முதலில் அவள் நுழையட்டும். அவள் பொம்மை, தட்டு, மூலை எல்லாம் விட்டுப் போனபடியே இருக்க வேண்டும். தொட்டிலுக்காக அவள் மூலையை முன்கூட்டியே காலி செய்துவைக்காதீர்கள் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

ஷிப்ட் வேலை உள்ள வீட்டில் "சாயங்காலம் அப்பா வருவார்" என்ற சொல் ஒரு வாரம் உண்மை, மறு வாரம் பொய். பிள்ளைக்கு அது புரியாது. அப்பா நேரத்தையும் ஒரு வேலையோடு கட்டுங்கள்: வேலையிலிருந்து வந்து குளித்ததும் அவளோடு 15 நிமிஷம், அது பகல் இரண்டரையானாலும் சரி. நைட் ஷிப்ட் வாரத்தில் தூங்கி எழுந்ததும். ஞாயிற்றுக்கிழமை அந்த வார ஷிப்டை ஒரு தாளில் சூரியனும் நிலாவும் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால் அவளே படித்துக்கொள்வாள்.

எல்.கே.ஜி.யைப் பொறுத்தவரை, வீடு மாறும் வாரமும் பள்ளி திறக்கும் வாரமும் ஒட்டி வரக் கூடாது. இடையில் மூன்று நான்கு வாரமாவது இருக்கட்டும். ஜூனில்தான் சேர்க்க வேண்டும் என்றால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மே முதல் வாரத்துக்குள் ஓசூர் போய்விடுங்கள். முடியாது என்றால் சில வாரம் தள்ளிச் சேர்க்க முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள். வீட்டுப் பக்கத்து அங்கன்வாடியில் 2 வயது முடிந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள், முதலில் அரை நாள் பழக்குவதற்கு அது நல்ல வழி. எங்கே அனுப்பினாலும் "தம்பி இருக்கான், வீட்ல தொல்லை" என்ற காரணம் அவள் காதில் விழவே கூடாது. விழுந்தால், தன்னை அனுப்பிவிட்டுத் தம்பியை வைத்துக்கொண்டார்கள் என்றே எடுத்துக்கொள்வாள். பள்ளியிலிருந்து வந்ததும் முதல் பத்து நிமிஷம் குழந்தையைக் கீழே படுக்கவைத்துவிட்டு அவளை வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்கு 5 வயது முடிந்தபின் போடும் தடுப்பூசியையும் இந்த அவசரத்தில் மறந்துவிடாதீர்கள்.

நீங்கள் அடித்ததைப் பற்றி. அதை அப்படியே விட்டுவிடாமல் சரிசெய்யலாம். அவள் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில், அவள் கண் உயரத்துக்கு உட்கார்ந்து சொல்லுங்கள்: "அன்னிக்கு அம்மா உன்னை அடிச்சிட்டேன். அது தப்பு. உனக்கு வலிச்சிருக்கும். இனி கோபம் வந்தா அம்மா தள்ளிப் போய் நின்னுக்குவேன்." இதன் பின்னால் "ஆனா நீயும் கிள்ளினேல்ல" என்று சேர்க்காதீர்கள். பிறகு அப்படியே செய்யுங்கள்: கை துடிக்கும்போது குழந்தையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுங்கள். உங்கள் அம்மாவும் பாவம், ஒரே நேரத்தில் மூன்று பேரைப் பார்க்கிறார். "ரெண்டு போடு" என்று அவர் சொல்லும்போது மறுத்து வாதாடாமல், கையில் ஒரு வேலையைக் கொடுங்கள்: "நீ தம்பிய வச்சுக்கம்மா, நான் இவளைப் பாக்குறேன்."

உங்கள் தூக்கம் எனக்குக் கவலையாக இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் காரணம் இல்லாமல் அழுகை வருவது இரண்டு வாரத்துக்குள் தானாகக் குறைந்துவிடும். 5 வாரம் ஆன பிறகும் குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, நான் நல்ல அம்மா இல்லை என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் அது சிகிச்சையால் சரியாகும் ஒன்று, பால் கொடுத்துக்கொண்டே சிகிச்சை எடுக்கவும் முடியும். அடுத்த வாரம் குழந்தைக்கு 6-ஆம் வாரத் தடுப்பூசி வருகிறது. புதன்கிழமை தடுப்பூசிக்குப் போகும்போது கிராம சுகாதார செவிலியரிடம் உங்களைப் பற்றியும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எப்போதும் தமிழில் இலவசமாகப் பேசலாம். உங்களையோ குழந்தைகளையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

மகளைப் பொறுத்தவரை, மேலே சொன்னதெல்லாம் செய்தால் நாலு முதல் ஆறு வாரத்தில் கிள்ளல் குறையத் தொடங்க வேண்டும். நனைவது இன்னும் சில மாதம் இழுக்கலாம். மூன்று மாதம் கடந்தும் எதுவும் குறையவில்லை, சாப்பாடு நின்று எடை இறங்குகிறது, பேச்சைக் குறைத்துக்கொண்டாள், தலையை மோதிக்கொள்கிறாள், குழந்தையின் கழுத்தையோ முகத்தையோ குறிவைக்கிறாள் என்றால் காத்திருக்க வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டலாம்.

இடையில் நன்றாகிவிட்டாள் என்று நீங்கள் நினைக்கும்போது, தம்பிக்கு 8, 9 மாதத்தில் இன்னொரு அலை வரும். அவன் தவழ்ந்து வந்து அவள் நோட்டைக் கிழிப்பான், அடுக்கியதைத் தட்டிவிடுவான், எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். "சின்னப் பையன், விட்டுக்குடு" என்று ஒவ்வொரு முறையும் அவளையே இறங்கிவரச் சொன்னால் இப்போது செய்த வேலை வீணாகும். அதற்கு முன்பே, அவள் கைக்கு எட்டி அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். அவள் பொருள் அங்கே இருக்கும், அவள் கேட்டால் தவிர யாரும் எடுக்க மாட்டார்கள். கிரையான், மணி, பட்டன் போன்ற சின்னப் பொருள்களை அவள் அங்கேயே வைத்தால் தம்பி வாயில் போடும் ஆபத்தும் போகும்.